சிரிக்காமல் சொன்னவை

முன்னறையின் மூலையில் இரண்டு பேர் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். இருவரின் தோள்களும் குலுங்கிக்கொண்டிருந்தன. வெளியே நாற்காலிகளை எண்ணி இறக்கிவிட்டு உள்ளே வந்த இளையவள் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அப்பாவுக்காக இப்படிக் குலுங்கி அழ இந்த ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்களா? ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அருகில் போனாள்.

அவர்கள் அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்கள். உதட்டைக் கடித்து, மூக்கைப் பொத்தி, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் அப்பா வேலை பார்த்த மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். இன்னொருவர் அங்கே தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். இளையவளைக் கண்டதும் இரண்டு பேரும் திருடும்போது பிடிபட்டவர்களைப் போல முகத்தை இழுத்து இறுக்கிக்கொண்டார்கள். நடு அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்பா படுத்திருந்தார். எப்போதும் போல முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"மன்னிச்சிரும்மா," என்றார் நர்ஸ் அம்மாள். "இந்த ஆளு வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேங்கிறாரு."

"நான் என்ன பண்ணினேன்? அவரு சொன்னதைத்தானே சொன்னேன்," என்றார் ஓட்டுநர்.

"யாரு சொன்னது?"

"உங்கப்பாதான்."

இளையவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா சொன்னதற்கு யாராவது சிரிப்பார்களா?

இந்த இடத்தில் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர் அவர். ஊரில் பாதிப் பேரின் எலும்பு அவருக்குப் பழக்கம். ஆனால் வீட்டில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தடித்த கண்ணாடி, சப்பென்ற குரல், சலவைக்குப் போய் வந்தது மாதிரி விறைத்த முகம். பேசுவதே அபூர்வம், பேசினால் அது சுருக்கென்று தைக்கும். அக்காவும் தங்கையும் தங்களுக்குள் அவருக்கு 'நெகட்டிவ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "நெகட்டிவ் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வானொலியைச் சத்தமாக வைப்பார்கள்.

இளையவள் பள்ளியிலேயே முதலாவதாக வந்த அன்று மதிப்பெண் பட்டியலை நீட்டினாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எக்ஸ்ரே பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார்.

"மத்த பிள்ளைங்கல்லாம் அன்னைக்கு லீவா?" என்றார்.

அதற்குப் பிறகு அவள் எந்தப் பட்டியலையும் அவரிடம் காட்டவில்லை. கையெழுத்துக்கு அம்மாவிடம் போனாள்.

அக்காவைப் பெண் கேட்டு அத்தான் வீட்டார் வந்த நாளில் நடந்தது இதைவிட மோசம். எல்லாம் பேசி முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் அப்பா அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "வீட்டுக்குப் போயி நிதானமா யோசிச்சுக்கோங்க. நாங்க திருப்பி எடுத்துக்க மாட்டோம்," என்றார். அக்கா உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் அம்மா மட்டும் சிரிப்பாள். அவர் எதைச் சொன்னாலும் சமையலறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும். பயத்தில் வருகிற சிரிப்பு என்றாள் அக்கா. நம் மனசு நோகக் கூடாதென்று பூசி மெழுகுகிறாள் என்றாள் இளையவள். அவர் ஓய்வு பெற்ற அன்று மருத்துவமனை ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வீடு வரைக்கும் கூட வந்து, விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார்கள். தொல்லை விட்டது என்கிற சந்தோஷம் என்று சகோதரிகள் முடிவு கட்டினார்கள். தெருவில் அவரைப் பார்த்ததுமே சிலர் முகம் மலர்ந்தது. பாவம், இப்படி ஒரு மனிதரா என்கிற இரக்கம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது. அப்பா சிடுமூஞ்சி என்ற ஆணியை மட்டும் யாரும் அசைத்துப் பார்க்கவில்லை.

இளையவளுக்குச் சொற்களோடுதான் பிழைப்பு. பாடநூல்களுக்குக் கலைச்சொல் அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் பதிப்பாசிரியர். ஆறு மாதமாக அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு சொல்: பாரடைம் ஷிஃப்ட். அப்பா படுக்கையில் விழுந்ததும் விடுப்பு எடுத்துக்கொண்டு மடிக்கணினியோடு வந்து, அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அதையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள்.

அவர் சாவதற்கு முந்தைய மாலை. சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார். "என்னது அது, ஆறு மாசமா உன்னைப் படுத்துறது?"

அவர் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லத் தொடங்கினாள்.

"கிரேக்கத்துல இருந்து வந்த சொல்லுப்பா. பாரடைம்னா அந்தக் காலத்துல 'பக்கத்துல வெச்சுக் காட்டுறது'ன்னு அர்த்தம். நாம எடுத்துக்காட்டுன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதேதான். அப்புறம் இலக்கணக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. வந்தான், வந்தாள், வந்தார்னு ஒரு வாய்பாடு போட்டுட்டா மத்த வினையெல்லாம் அதே அச்சுல வார்த்துக்கலாம்ல, அந்த அச்சுக்குப் பேரு."

"ம்."

"அறுபது வருஷத்துக்கு முன்னாடி, அறிவியல் வரலாறு எழுதின ஒருத்தர் அதை வேற மாதிரி திருப்பிட்டாரு. விஞ்ஞானிங்களுக்கும் அப்படி ஒரு அச்சு இருக்கு, அதுக்குள்ள வெச்சுத்தான் எல்லாத்தையும் பாக்குறாங்கன்னாரு. அந்த அச்சுல அடங்காத விஷயம் ஒண்ணு வரும். ஒட்டுப் போட்டுச் சமாளிப்பாங்க. இன்னொண்ணு வரும், இன்னொரு ஒட்டு. சூரியன்தான் பூமியைச் சுத்துதுன்னு அப்படித்தான் ஆயிரம் வருஷம் சமாளிச்சாங்க. ஒரு நாள் ஒட்டுப் போட இடமே இல்லாமப் போயி, அச்சே மாறிடும். அப்ப பழைய விஷயமெல்லாம் அப்படியேதான் இருக்கும். ஆனா எல்லாமே வேறயாத் தெரியும். அதுக்குத்தான் அந்தப் பேரு. இப்ப அதை எடுத்துச் செருப்பு விளம்பரத்துலகூடப் போட்டுட்டாங்க. தமிழ்ல என்ன சொல்றதுன்னுதான் தெரியல. சிந்தனைப் புரட்சின்னா கொடி பிடிக்கிற மாதிரி இருக்கு. மாதிரி மாற்றம்னா துணிக்கடையில பேசுற மாதிரி இருக்கு."

அப்பா மேற்கூரையைப் பார்த்தார்.

"நேரா ஒரு படம் எடுப்போம். ஒண்ணும் தெரியாது," என்றார். "ஒருக்களிச்சுப் படுங்கன்னு சொல்லி இன்னொண்ணு எடுப்போம். அதே எலும்பு. விரிசல் பளிச்சுன்னு தெரியும். ரெண்டு நிமிஷ வேலை. இதுக்கு உங்க ஆபீஸ்ல ஆறு மாசமா சம்பளம் தர்றாங்களா? வேற ஆள் எடுக்கிறாங்களான்னு கேளு. நான் சும்மாதான் படுத்திருக்கேன்."

அடுப்படியில் அம்மா சிரித்தாள்.

இளையவள் மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். "நான் செய்ற எதுவுமே உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லப்பா. என்னைக்கும் இருந்ததில்ல," என்றாள்.

அவர் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. "கொஞ்சம் தண்ணி குடு," என்றார்.

கொடுத்தாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அவள் வாசலில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தபோது, உள் அறையில் அம்மா வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. சிரிப்பு பாதியில் அறுந்தது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார். அம்மா அவர் கையைப் பிடித்தபடி, சிரித்த முகம் இன்னும் மாறாமல் உட்கார்ந்திருந்தாள். அதிர்ச்சியில் சிலருக்கு அப்படித்தான் ஆகும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

அந்தத் தண்ணீரும் அந்தப் பேச்சும் நேற்றிலிருந்து இளையவளின் நெஞ்சில் முள்ளாக நின்றன. இங்கேயோ இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.

"அப்பா என்ன சொன்னாருன்னு எனக்கும் சொல்லுங்க," என்றாள். குரலில் சூடு இருந்தது.

ஓட்டுநர் தயங்கினார். "எனக்கு ஒரு தடவை கால் முறிஞ்சிடுச்சும்மா. என் வண்டியிலயே என்னைப் போட்டுக் கொண்டுவந்தாங்க. வலி உயிர் போகுது. உங்கப்பா கதவைத் திறந்து பாத்துட்டு, 'என்னப்பா, இன்னைக்குப் பின்னால படுத்துக்கிட்டு வர்றே? பதவி உயர்வா?'ன்னாரு. முகத்துல ஒரு மாத்தம் கிடையாது. நான் அந்த வலியிலயும் சிரிச்சேன் பாருங்க..." அவருக்கு மறுபடி தோள் குலுங்கத் தொடங்கியது.

"இது என்ன பெரிசு," என்றார் நர்ஸ் அம்மாள். "ஒரு அம்மா வந்தாங்க. மெஷின் முன்னாடி நிக்கவே மாட்டேன்னு ஒரே அடம். இதுல மனசுல இருக்கிறதெல்லாம் தெரியுமாமேன்னு பயம். உங்கப்பா, 'தெரியும்மா. ஆனா அந்த ஃபிலிம் தீந்துபோச்சு. இன்னைக்கு எலும்பு மட்டுந்தான்'னாரு. அந்த அம்மா சிரிச்ச சிரிப்பு பிரசவ வார்டு வரைக்கும் கேட்டுச்சு."

இளையவள் கையில் தம்ளரோடு நின்றாள். "அவரு... சிரிக்கவே மாட்டாரே," என்றாள் கடைசியில்.

"எப்படிச் சிரிப்பாரு?" நர்ஸ் அம்மாள் வியப்போடு கேட்டார். "அவரும் சேந்து சிரிச்சா நோயாளிக்குச் சிரிப்பு அடங்குமா? ஆடிட்டா படம் கெட்டுடும். திரும்பவும் எடுக்கணும், திரும்பவும் கதிரு உடம்புல ஏறும். அதனால தன் முகத்தைக் கல்லா வெச்சிக்கிட்டு அவங்களைச் சிரிக்க வெப்பாரு. சிரிச்சு முடிச்சதும் ஒரு மூச்சு ஆழமா வரும் பாத்திருக்கியா? சரியா அந்த நேரம் பாத்து, 'இழுத்துப் பிடிங்க'ம்பாரு. பயந்தவங்களுக்கு அப்படி மூச்சு வராதும்மா. எங்க ஆஸ்பத்திரியில அவர் எடுத்த படம் மாதிரி சுத்தமா யாருக்கும் வந்ததில்ல. முப்பது வருஷமா முகத்தை அப்படி வெச்சு வெச்சு, அப்புறம் அதுவே முகமாயிடுச்சு."

இளையவள் தம்ளரை ஜன்னலில் வைத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவரைப் பார்த்தாள். அதே முகம்தான். ஒரு கோடுகூட மாறவில்லை.

மத்த பிள்ளைங்கல்லாம் அன்னைக்கு லீவா?

அவளையும் அறியாமல் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

அங்கே அக்கா தேநீருக்குப் பெரிய பாத்திரத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, அப்பா ஜோக் அடிச்சிருக்காரு."

"என்னடி உளர்றே?"

"நம்மகிட்டதான். இத்தனை வருஷமா. யோசிச்சுப் பாரு. 'திருப்பி எடுத்துக்க மாட்டோம்'. இதை வேற யாராவது சிரிச்சுக்கிட்டே சொல்லியிருந்தா?"

அக்கா கரண்டியைப் பிடித்தபடி அவளை முறைத்தாள். மெல்ல மெல்ல அந்த முறைப்பு தளர்ந்தது. "இரு," என்றாள். "நான் முதல் தடவையா சமைச்சப்ப, ஒரு வாய் சாப்பிட்டுட்டு, 'இது உள்ளுக்குச் சாப்பிடுறதா, வெளியில பூசுறதா?'ன்னு..."

"ஆமா!"

"நான் தட்டை எடுத்துட்டுப் போயிட்டேன்டி! ஆனா அவரு என் பின்னாலயே வந்து இன்னொரு கரண்டி கேட்டாரு. பசி போலன்னு நெனச்சேன்."

"அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சியா?"

பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுப்பை அணைக்கப் பாய்ந்து தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். தம்ளர்களை எடுக்க வந்த அத்தான், மனைவியும் மச்சினியும் தரையில் உட்கார்ந்து தலையைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"ஏங்க," அக்கா மூச்சு வாங்கினாள். "அன்னைக்கு எங்கப்பா உங்ககிட்ட, யோசிச்சுக்கோங்க, திருப்பி எடுத்துக்க மாட்டோம்னு சொன்னாரே. அது ஜோக்குங்க!"

"ஆமா," என்றார் அத்தான். "அதுக்கென்ன இப்ப?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியுமே. மூணு இடம் பாத்து அலுத்துப்போயிருந்தேன். இந்த மனுஷன் வீட்டுல பொழுது நல்லாப் போகும்னுதான் சரின்னு சொன்னேன். நானும் அவரும் வாரா வாரம் ஃபோன்ல இதையேதானே பேசுவோம்?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஜோக்கை விளக்கவா முடியும்?"

அப்போதுதான் அம்மா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து பெட்டியின் தலைமாட்டைவிட்டு அவள் நகரவில்லை. தரையில் இருந்த இருவரும் எழுந்தார்கள். அம்மா ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சிரிப்பு?"

இளையவள் சொன்னாள். தட்டுத் தடுமாறி, பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் முகத்தில் ஒரு பெரிய ஆச்சரியம் படர்ந்தது.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "ரெண்டு பேருக்குமா? நான் உங்களுக்குத் தெரியும்னுல்ல இருந்தேன்!"

"எப்படிம்மா தெரியும்? நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

"பின்ன நான் எதுக்குச் சிரிச்சேன்னு நெனச்சீங்க?"

"பயத்துல," என்றாள் அக்கா சின்னக் குரலில்.

"பயமா! அவருக்கா!" அம்மா தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு இருமலு. எங்க அண்ணன் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிட்டுப் போனாரு. அங்க இருந்தவரு படத்தைத் தூக்கிப் பாத்துட்டு, 'நெஞ்சுல யாரும் இல்லைங்க, காலியா இருக்கு'ன்னாரு. முகத்தை இப்படி வெச்சிக்கிட்டு." அம்மா தன் முகத்தை நீட்டி இறுக்கிக் காட்டினாள். அச்சு அசல் அப்பா. "எங்க அண்ணன் அதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாரு, சளி இல்லைன்னு. எனக்கு மட்டுந்தான் புரிஞ்சுது. அடுத்த வாரம் இருமல் இல்லாமலே இருமிக்கிட்டுப் போனேன்."

அத்தான் தம்ளர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப நேத்துக் காலையில..." என்றாள் இளையவள்.

அம்மா முந்தானையின் நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"மூச்சு ரொம்பத் திணறிச்சு. இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. என்னைப் பாத்து, 'ரொம்ப நேரமாப் பிடிச்சாச்சு. விடலாமா?'ன்னாரு. அவரு எல்லார்கிட்டயும் கடைசியில அதைத்தானே சொல்லுவாரு, 'விடலாம்'னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் சிரிக்கிறதைப் பாத்துக்கிட்டே..."

சமையலறையில் பால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்கு முந்தின நாள்," என்றாள் இளையவள், "நான் அவரைத் திட்டிட்டேம்மா. எதுவுமே உங்களுக்குப் பொருட்டில்லன்னு சொல்லிட்டேன்."

"தெரியும். ராத்திரி என்கிட்ட சொன்னாரு. 'சின்னவளுக்குக் கோவம் வந்தா மூக்கு முதல்ல செவக்குது, படம் எடுத்து வெக்கணும்'னாரு. அப்புறம் நீ சொன்ன கதை முழுக்க எனக்குச் சொன்னாரு. கிரேக்கம், இலக்கணம், சூரியன், பூமி, ஒட்டுப் போடுறது, ஒண்ணுவிடாம. எனக்குத் தூக்கமா வந்துச்சு. விடலியே. 'கேளுடி, எவ்வளவு அழகா சொன்னா தெரியுமா'ன்னு எழுப்பி எழுப்பிச் சொன்னாரு."

இளையவள் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாள். அவள் அழுகை அடங்கிவரும் நேரத்தில் அம்மா குனிந்து, அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, "ஆமா, மூக்குதான்," என்றாள். அழுகை அதோடு போனது.

பத்தரை மணிக்கு வண்டி வந்தது. பிறகு நடந்ததெல்லாம் ஊரில் யாரும் கண்டிராதது. தகன நிலையத்து மரத்தடியில் நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவரும் முன்னால் வந்து அவர் தங்களிடம் சொன்ன ஒன்றைச் சொன்னார்கள். தலையைப் படமெடுத்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்லைங்க, வீட்டுல இதை இப்படியே சொல்லிடாதீங்க," என்று அவர் அனுப்பிவைத்த மரக்கடைக்காரர், அதைச் சொல்லி முடிக்க முடியாமல் அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முறைக்காகக் காத்திருந்த வேறொரு வீட்டுத் துக்கக்காரர்கள்கூட ஒவ்வொருவராக நெருங்கி வந்து கேட்டார்கள். அம்மா முன்வரிசையில் நின்று எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அவள் மட்டும் ஏற்கெனவே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஆனாலும் சிரித்தாள்.

நான்காம் நாள் காலையில் இளையவள் மடிக்கணினியைத் திறந்தாள். 'பார்வைப் பெயர்வு' என்று தட்டினாள். மூலத்தை எழுதினாள், பொருளை எழுதினாள். 'தெரிந்த செய்திகள் எவையும் மாறுவதில்லை. பார்ப்பவர் நிற்கும் இடம் பெயர்ந்துவிடுகிறது. அதன்பின் பழைய இடத்துக்குத் திரும்பிப்போக முடிவதில்லை' என்று ஒரு குறிப்பும் சேர்த்தாள். எடுத்துக்காட்டு என்ற கட்டத்தில் சூரியனையும் பூமியையும் போட்டுவிட்டு அலுவலகத்துக்கு அனுப்பினாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பிற்பகலில் பழம் வாங்கிவர அக்காவோடு கடைத்தெருவுக்குப் போனாள். வெயில் தாழ்ந்திருந்தது. ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். அக்கா இடது முழங்கையைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சைக்கிள்ல இருந்து விழுந்தேனே, ஞாபகம் இருக்கா? கை உடைஞ்சுது."

"ம்."

"அப்பாதான் படம் எடுத்தாரு. ஃபிலிமை விளக்குல மாட்டிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு." அக்காவின் குரல் நடுங்கத் தொடங்கியது. "'நல்லா விழுந்திருக்கே. படம் ரொம்ப நல்லா வந்திருக்கு'ன்னாரு."

அவ்வளவுதான். அக்கா நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இளையவள் அவளைத் தூக்கிவிடக் கை கொடுத்தாள். அவளும் பக்கத்தில் சரிந்தாள். பை கவிழ்ந்து ஆரஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாலைச் சரிவில் உருண்டன.

பேருந்து வந்து நின்று கதவு திறந்தது. ஓட்டுநர் குனிந்து பார்த்தார். "ஏறலீங்களா?"

இருவரும் சிரிப்பில் பேச முடியாமல், போங்க போங்க என்று கையை மட்டும் ஆட்டினார்கள். அவர் சற்று நேரம் பார்த்திருந்தார். பிறகு கதவை மூடி, பழங்களின் மேல் சக்கரம் ஏறாமல், வண்டியை மெதுவாக ஒடித்துக்கொண்டு போனார்.